விரலை அதிகம் நகர்த்தாமல் கிட்டார் கார்டு பழகும் வழி

கிட்டார் வாங்கிய கையோடு பலரும் செய்யும் முதல் வேலை, இணையத்தில் கிடைக்கும் கார்டு (chord, பல ஒலிகள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவது. அதில் ஏ, பி, சி, டி என்று எழுத்து வரிசைப்படி கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். இரண்டாவது கட்டத்தில் இருக்கும் பி கார்டுக்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஐந்து கம்பிகளை அமுக்கியாக வேண்டும். இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று கிட்டாரை அலமாரி மேல் ஏற்றிவிடுகிறவர்கள் ஏராளம். விரலில் ஒரு குறையும் இல்லை. பழக எடுத்துக்கொண்ட வரிசைதான் தப்பு.

ஒரு கார்டைப் பிடிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. நிதானமாக விரல்களை ஒவ்வொன்றாக வைத்தால் யாருக்கும் வந்துவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது தாளம் தவறாமல் அதை விட்டு அடுத்த கார்டுக்குப் போவதுதான் கஷ்டம். அதனால் தனித்தனியாக எது எளிது என்று பார்க்க வேண்டாம். கையில் இருக்கும் கார்டிலிருந்து எதற்குப் போனால் விரல்கள் குறைவாக நகரும் என்று பாருங்கள். கீழே உள்ள வரிசையை அப்படித்தான் அமைத்திருக்கிறேன். வலது கையால் மீட்டுகிறவரை மனதில் வைத்து எழுதியது. இடக்கையால் வாசிப்பவர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிட்டாரைச் சரிபாருங்கள்

புதிதாக வாங்கியதோ, அண்ணனிடம் இரவல் வாங்கியதோ, கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பழக ஆரம்பிக்க வேண்டும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்டுகள், தலைப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்துங்கள். ஃப்ரெட்டின் தலைக்கும் தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்ல கிட்டார். மூன்று வரை சமாளிக்கலாம். நான்கைத் தாண்டினால் உங்கள் விரல் படும் பாட்டுக்கு நீங்கள் பொறுப்பல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. 2ஆம் ஃப்ரெட்டுக்கும் 3ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவில் கம்பியை அமுக்கிக்கொண்டு, 1ஆம் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். மெல்லிய தாள் ஒன்று நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் பளிச்சென்று இடைவெளி தெரிந்தால், கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு, அதாவது நட், உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பக் கார்டுகள் எல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுகளிலேயே இருப்பதால் நட் உயரம்தான் புதியவர்களை அதிகம் வாட்டுகிறது. இரண்டு மூவாயிரம் ரூபாய்க்கு வரும் 38 அங்குல கிட்டார்களில் இந்தத் தொல்லை சகஜம். கடையில் 'செட்டப்' செய்து தரச் சொன்னால் நட்டின் பள்ளங்களை ராவி, மறுமுனையில் இருக்கும் சாடிலைத் தேய்த்து இறக்கித் தருவார்கள். வாங்கும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் பழைய மியூசி மியூசிகல் போன்ற இசைக்கருவிக் கடை எதுவானாலும், நாலைந்து கிட்டாரைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதைப் பற்றிக் கடைக்காரர் கவலைப்பட மாட்டார்.

நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா? நைலான் விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் நைலான் கம்பி போட்ட கிளாசிகல் கிட்டாரின் கழுத்து அகலம் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 43தான். சின்னக் கைக்கு அந்த அகலம் ஒரு சுமை. சினிமாப் பாட்டுக்குக் கார்டு வாசிப்பதுதான் ஆசை என்றால் ஸ்டீல் கம்பி கிட்டாரே வாங்குங்கள். கம்பி மட்டும் 10 அல்லது 11 என்ற மெல்லிய அளவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கூடாது: கிளாசிகல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டுவது. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும். நைலானுக்காகச் செய்த பலகை அதைத் தாங்காது. பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

சுருதி சேர்க்காமல் ஒரு கார்டும் பழகாதீர்கள்

மெல்லிய கம்பி 1ஆம் கம்பி, தடித்தது 6ஆம் கம்பி. மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் 6ஆம் கம்பிதான் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும், 1ஆம் கம்பி தரைப் பக்கம். தடித்ததிலிருந்து மெல்லியதற்கு இறங்கினால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

போனில் ஏதாவதொரு டியூனர் செயலியைத் திறந்துவைத்து ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். முள் நடுவுக்கு வந்தால் சரி. மின்விசிறி, தெரு இரைச்சல் என்று வீட்டில் சத்தம் அதிகமாக இருந்தால் கிட்டாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர் வாங்கிக்கொள்ளலாம். அது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை எடுக்கிறது. செயலி 'ஈ' என்று காட்டுகிறதே என்று 1ஆம் கம்பியை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள், அது எந்த ஸ்தாயி ஈ என்பதையும் பார்க்க வேண்டும். மேல் ஸ்தாயிக்கு முறுக்கிக் கம்பி அறுந்து முகத்தில் அடிப்பது புதியவர்களுக்கு நடக்கிற விஷயம். சுருதி கூடிப்போனால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பி தளர்ந்து சீக்கிரம் சுருதி விலகும்.

செயலி இல்லாதபோது: 6ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டை அமுக்கினால் வரும் ஒலிதான் திறந்த 5ஆம் கம்பியின் ஒலி. 5ஆம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட் திறந்த 4ஆம் கம்பி, அதன் 5ஆம் ஃப்ரெட் திறந்த 3ஆம் கம்பி. 3ஆம் கம்பியில் மட்டும் 4ஆம் ஃப்ரெட். அது திறந்த 2ஆம் கம்பி. 2ஆம் கம்பியில் மறுபடி 5ஆம் ஃப்ரெட், திறந்த 1ஆம் கம்பி. இது காதுக்கும் நல்ல பயிற்சி.

எண் வரிசையைப் படிப்பது

கட்டம் போட்ட படத்தைவிட ஆறு எண்களாகக் கார்டை எழுதிக்கொள்வது எளிது. 6ஆம் கம்பியில் தொடங்கி 1ஆம் கம்பி வரை, எந்த ஃப்ரெட்டை அமுக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்கள். 0 என்றால் அமுக்காமல் திறந்து மீட்ட வேண்டும். × என்றால் அந்தக் கம்பி ஒலிக்கவே கூடாது.

ஈ மைனர்: 0 2 2 0 0 0

இதுதான் முதல் கார்டு. நடுவிரலை 5ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள், மோதிர விரலை 4ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில். மீதி நான்கு கம்பிகளும் திறந்தவை. ஆறையும் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுங்கள்.

ஃப்ரெட் என்று சொன்னாலும் விரல் அந்த உலோகக் கம்பியின் மேலேயே உட்காரக் கூடாது. அதற்குச் சற்று முன்னால், அதை உரசுகிற மாதிரி இருக்க வேண்டும். ஃப்ரெட்டிலிருந்து விலக விலகக் கூடுதலாக அமுக்க வேண்டிவரும், கம்பியும் கரகரக்கும். விரலின் நுனி செங்குத்தாக இறங்க வேண்டும். அதற்கு இடது கை நகங்களை ஒட்ட வெட்டியாக வேண்டும், வேறு வழியில்லை. கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கத்தில் நடுவிரலுக்கு எதிரே லேசாகத் தாங்கினால் போதும்.

பிடித்த பிறகு ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒரு கம்பி 'டக்' என்று செத்து விழுந்தால் பக்கத்து விரலின் சதை அதைத் தொடுகிறது. கரகரத்தால் விரல் ஃப்ரெட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு புதுக் கார்டுக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒருமுறை செய்துவிட்டால் போதும். ஒவ்வொரு மீட்டலுக்கும் செய்துகொண்டிருந்தால் தாளம் வராது.

விரல் நுனி எரியும். முதல் சில வாரங்களுக்கு எல்லாருக்கும் எரியும். தோல் காய்த்ததும் போய்விடும். எரிச்சல் தாங்கவில்லையென்றால் பத்து நிமிடம் விட்டுவிட்டு வாருங்கள். குளித்துவிட்டோ பாத்திரம் கழுவிவிட்டோ ஊறிய விரலோடு உடனே உட்காராதீர்கள், தோல் பிய்ந்துவிடும்.

முதல் குடும்பம்: ஈ, ஏ மைனர், சி

ஈ மைனர் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை 3ஆம் கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டில் இறக்குங்கள்.

ஈ: 0 2 2 1 0 0

இதுதான் ஈ மேஜர். வெறுமனே ஈ என்றே சொல்வார்கள். விரலை இறக்கியும் தூக்கியும் மாற்றி மாற்றி மீட்டிப் பாருங்கள். ஒன்று வெளிச்சமாக இருக்கும், இன்னொன்று மங்கலாக, கொஞ்சம் சோகமாக. ஒரே ஒரு விரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஈ என்ற ஒலியை ஸட்ஜமாக வைத்தால், ஆள்காட்டி விரல் இறங்கும்போது அந்தர காந்தாரம், தூக்கும்போது சாதாரண காந்தாரம். மேஜர் கார்டு என்பது ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து ஒலிப்பது. காந்தாரத்தை ஒரு ஸ்தானம் இறக்கினால் மைனர். எந்தக் கார்டானாலும் மேஜருக்கும் மைனருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அடுத்து, ஈ பிடித்திருக்கும் மூன்று விரல்களையும் உருவம் குலையாமல் அப்படியே ஒரு கம்பி கீழே, தரைப் பக்கமாக நகர்த்துங்கள்.

ஏ மைனர்: × 0 2 2 1 0

அவ்வளவுதான், ஏ மைனர் வந்துவிட்டது. புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 6ஆம் கம்பி மட்டும் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5ஆம் கம்பியிலிருந்து மீட்டத் தொடங்கலாம், அல்லது கழுத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும் கட்டைவிரல் நுனியால் 6ஆம் கம்பியை லேசாகத் தொட்டு அடக்கலாம்.

ஏ மைனரிலிருந்து சி கார்டுக்குப் போக ஒரே ஒரு விரல்தான் நகர வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மோதிர விரலை மட்டும் 3ஆம் கம்பியிலிருந்து எடுத்து 5ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள்.

சி: × 3 2 0 1 0

சி கார்டில் வழக்கமாக இரண்டு இடங்களில் ஒலி சாகும். மோதிர விரலின் வயிறு 4ஆம் கம்பியில் சாய்வது ஒன்று, ஆள்காட்டி விரல் சரிந்து 1ஆம் கம்பியைத் தொடுவது இன்னொன்று. மணிக்கட்டைச் சற்று முன்னால் தள்ளி விரல்களை வளைத்து நிறுத்தினால் இரண்டும் சரியாகிவிடும்.

அப்புறம், இதே குடும்பத்தில் இன்னொரு பிள்ளை. சி பிடித்தபடி மோதிர விரலையும் நடுவிரலையும் ஒவ்வொரு கம்பி கீழே நகர்த்துங்கள், ஆள்காட்டி விரல் அசைய வேண்டாம்.

எஃப் மேஜர் செவன்: × × 3 2 1 0

புதியவர்களை விரட்டும் எஃப் கார்டுக்கு இது நல்ல மாற்று. பல பாட்டுகளில் எஃப் என்று போட்டிருக்கும் இடத்தில் இதை வாசித்தால் கேட்பவர்களுக்கு உறுத்தாது. சில இடங்களில் எஃப்பைவிட அழகாகவே இருக்கும் என்பது என் கட்சி.

மாற்றத்தைப் பழகுவது

ஐந்து கார்டுகளையும் ஒரே நாளில் உருட்டாதீர்கள். இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு ஏ மைனரும் சியும். போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, ஏ மைனர் ஒரு மீட்டல், சி ஒரு மீட்டல் என்று மாறி மாறி வாசித்து எத்தனை மாற்றம் வந்தது என்று எண்ணுங்கள். சுத்தமாக ஒலிக்கிறதா என்று இந்தப் பயிற்சியில் பார்க்க வேண்டாம், அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். நிமிடத்துக்கு முப்பது மாற்றம் வந்தால் அந்த ஜோடியை வைத்து மெதுவான பாட்டு வாசிக்கலாம். அறுபது வந்தால் அந்த ஜோடி கைக்கு வந்துவிட்டது, அடுத்ததைப் பாருங்கள்.

விரல்களை ஒவ்வொன்றாக இறக்கும் பழக்கம் வந்துவிட்டால் பின்னால் உதறுவது கஷ்டம். அதற்கு ஒரு மருந்து: கார்டைப் பிடியுங்கள், விரல்களை உருவம் மாறாமல் ஒரு அங்குலம் தூக்குங்கள், அதே உருவத்தில் இறக்குங்கள். மீட்டவே வேண்டாம். டி.வி. பார்த்துக்கொண்டுகூடச் செய்யலாம். கிட்டாரை உறைக்குள் பூட்டி வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் சாய்த்து வைத்திருந்தால் இப்படிப்பட்ட அஞ்சு நிமிடங்கள் நாளில் பல முறை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது விரலுக்கு நன்றாக ஒட்டும்.

இடது கை எதை ஆரம்பத்திலேயே தொட வேண்டும் என்பதும் முக்கியம். மீட்டும்போது முதலில் ஒலிப்பது தடித்த பக்கத்துக் கம்பி. ஆகவே மாறும்போது அந்தப் பக்கத்து விரலுக்கு முன்னுரிமை. மெல்லிய கம்பியின் விரல் இமைப்பொழுது தாமதித்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வலது கைக்குத் தகதிமி

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மிருதங்கம் கற்றிருக்க வேண்டியதில்லை. தகதிமி என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

முதல் படி: சீராகத் தட்டு ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. த, க, தி, மி. நான்கு இழுப்பு ஏ மைனர், நான்கு சி, மறுபடி ஏ மைனர். முழங்கையை ஆட்டாதீர்கள், கையில் ஒட்டிய நீரை உதறுகிற மாதிரி மணிக்கட்டு ஆடினால் போதும். கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். மெல்லிய பிக், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனில் இருப்பது, புதியவர்களுக்குத் தோது.

இரண்டாம் படியில் எட்டு எழுத்து: தகதிமி தகஜொணு. கை ஓயாமல் கீழே மேலே, கீழே மேலே என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். த, தி, த, ஜொ என்ற எழுத்துகளில் கை கீழே இறங்கும். க, மி, க, ணு என்பவற்றில் மேலே ஏறும். இப்போது முதல் 'க'விலும் இரண்டாவது 'த'விலும் மட்டும் கம்பியைத் தொடாமல் காற்றில் வீசுங்கள். மிச்சம் வருவது: கீழ், கீழ், மேல், மேல், கீழ், மேல். உலகம் முழுக்கக் கிட்டார் வகுப்புகளில் முதலில் சொல்லித்தரும் ஸ்ட்ரம்மிங், அதாவது மீட்டும் முறை, இதுதான். அம்புக்குறி போட்ட படத்தைப் பார்த்துக் குழம்புகிறவர்கள்கூட வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே வாசித்தால் பிடித்துக்கொள்கிறார்கள். காற்றில் வீசும் இடத்தில் கையை நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கம்பி ஒலிக்கிறதோ இல்லையோ, கை நிற்கக் கூடாது.

மூன்றில் நடக்கும் பாட்டுக்குத் தகிட. 'த'வில் கார்டின் தடித்த கம்பியை மட்டும் கட்டைவிரலால் தட்டிவிட்டு, கி, ட இரண்டுக்கும் மெல்லிய கம்பிகளை இழுங்கள். தாலாட்டு மெட்டுகளுக்கு இது அருமையாகப் பொருந்தும்.

ஒரு சின்ன ரகசியம்: கடைசி எழுத்தான 'ணு'வில் இடது கை விரல்களைத் தூக்கிவிட்டு, திறந்த கம்பிகளை ஒரு மேல் வீச்சு வீசி, அந்த அரைத் தட்டில் அடுத்த கார்டுக்குப் போய்விடலாம். தேர்ந்த வாசிப்பாளர்களும் இதைச் செய்கிறார்கள். வேகத்தில் அந்தத் திறந்த ஒலி தப்பாகக் கேட்காது.

இரண்டாம் குடும்பம்: மோதிர விரல் அசையாத நால்வர்

ஜி: 3 2 0 0 3 3

நடுவிரல் 6ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரல் 5ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில், மோதிர விரலும் சுண்டுவிரலும் முறையே 2ஆம், 1ஆம் கம்பிகளின் 3ஆம் ஃப்ரெட்டில். மூன்று விரலில் பிடிக்கும் ஜியும் உண்டு. அது தனியாகப் பார்த்தால் எளிது, ஆனால் அங்கிருந்து வேறெங்கும் போவது கடினம். சுண்டுவிரலுக்கு இப்போதே வேலை கொடுத்துவிடுவது பின்னால் உதவும்.

இனி மோதிர விரலை 2ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். சுண்டுவிரலும் டி கார்டுக்கு மட்டும்தான் எழும்.

சி ஆட் நைன்: × 3 2 0 3 3
ஈ மைனர் செவன்: 0 2 2 0 3 3
டி: × × 0 2 3 2

ஜியிலிருந்து சி ஆட் நைனுக்கு நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு கம்பி கீழே நகர்கின்றன, அவ்வளவே. ஈ மைனர் செவனுக்கு அந்த இரண்டு விரல்களும் 5ஆம், 4ஆம் கம்பிகளின் 2ஆம் ஃப்ரெட்டில் அருகருகே உட்காரும். ஆள்காட்டி விரல் 5ஆம் கம்பியில், நடுவிரல் 4ஆம் கம்பியில். டி கார்டுக்கு ஆள்காட்டி விரல் 3ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கும், நடுவிரல் 1ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கும் போக, சுண்டுவிரல் எழுந்துவிடும். டியில் 4ஆம் கம்பியிலிருந்துதான் மீட்ட வேண்டும். மோதிர விரல் சாய்ந்து 1ஆம் கம்பியை அடக்கிவிடுவது இதில் வழக்கமான சிக்கல்.

ஜி, டி, ஈ மைனர் செவன், சி ஆட் நைன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தகதிமி தகஜொணு வாசித்துப் பாருங்கள். எங்கோ கேட்ட பாட்டாகத் தோன்றும். இந்த வரிசையில் அமைந்த மெட்டுகள் உலகெங்கும் எண்ணி மாளாது.

எந்தக் கார்டு எதோடு சேரும்

சங்கராபரணத்தை சியில் தொடங்கினால் அதன் ஏழு ஸ்வரங்களும் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு ஒலிகள். சி கார்டு என்பது அதில் ஸ, க, ப. எஃப் கார்டு ம, த, ஸ. ஜி கார்டு ப, நி, ரி. மூன்றையும் கூட்டினால் ஏழு ஸ்வரமும் வந்துவிடுகிறது. அதனால்தான் மூன்றே கார்டு தெரிந்தவர் ஒருவர் இந்த ஸ்வரங்களில் போட்ட பாட்டுகளில் பெரும்பாலானவற்றைச் சமாளித்துவிடுகிறார். ஏ மைனரும் ஈ மைனரும் டி மைனரும் இதே ஏழுக்குள் அடங்குபவைதான்.

சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் பலர் முதலில் சரளி வரிசைக்குக் கார்டு போட்டுப் பார்ப்பார்கள், ஒட்டாது. சரளி வரிசை மாயாமாளவகௌளை. அதில் இருப்பது சுத்த ரிஷபம், சுத்த தைவதம். ஜி கார்டுக்கு வேண்டியது சதுஸ்ருதி ரிஷபம், எஃப் கார்டுக்குச் சதுஸ்ருதி தைவதம். காது சொல்வது சரிதான், கை தப்பு செய்யவில்லை. கமகம் நிறைந்த ராகங்களுக்குத் திறந்த கார்டுகளை அடுக்குவதும் இப்போதைக்கு வேண்டாத வேலை. கீரவாணி அப்படியில்லை, அது கிட்டாருக்கு நன்றாக இணங்கும். ஏ மைனர், ஈ இரண்டோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

டி மைனர்: × × 0 2 3 1

ஏயை ஸட்ஜமாக வைத்த கீரவாணிக்குள் இந்த மூன்றும் முழுசாக அடங்கும். ஏ மைனர், டி மைனர், ஈ, மறுபடி ஏ மைனர் என்று தகிட நடையில் வாசித்தபடி கீரவாணியில் ஏதாவது முணுமுணுத்துப் பாருங்கள்.

கேபோவும் கட்டையும்

கேபோ என்பது கழுத்தில் குறுக்கே மாட்டும் கிளிப். மாட்டிய ஃப்ரெட்தான் புது நட். அதே விரல் உருவங்களைப் பிடித்தாலும் ஒலி மட்டும் உயரும், பாடுகிறவரின் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு ஃப்ரெட்டுக்கு அரைக் கட்டை. ஈக்கும் எஃப்புக்கும் நடுவிலும், பிக்கும் சிக்கும் நடுவிலும் ஒரே ஃப்ரெட்தான் தூரம் என்பதால் மூன்று கட்டையிலிருந்து நான்குக்கும், ஏழு கட்டையிலிருந்து மேல் ஒன்றுக்கும் ஒரு ஃப்ரெட்டிலேயே போய்விடலாம்.

சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. வீட்டில் யாராவது ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார் என்றால் முதல் ஃப்ரெட்டில் கேபோ மாட்டி ஜி குடும்பத்தை வாசியுங்கள். ஆறு கட்டை என்றால் 2ஆம் ஃப்ரெட். இரண்டு கட்டைக்காரருக்கு 2ஆம் ஃப்ரெட்டில் கேபோ போட்டு சி குடும்பம். ஒரு கட்டையில் மைனர் பாட்டு வேண்டுமா, 3ஆம் ஃப்ரெட்டில் மாட்டி ஏ மைனர் பிடியுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டுகளில் ஜி ஷார்ப் மைனர், பி ஃப்ளாட் என்று பயமுறுத்தும் பெயர்கள் இருந்தால் அவற்றைக் கற்றுக்கொள்ள ஓடாதீர்கள். கேபோவைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் அவை ஈ மைனராகவும் ஜியாகவும் மாறிவிடும்.

கேபோவை ஃப்ரெட்டை ஒட்டி மாட்டுங்கள், மாட்டியதும் சுருதியை ஒருமுறை பாருங்கள்.

கம்பி பராமரிப்பு

கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். தினமும் வாசித்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். கறுத்து, சொரசொரப்பாகி, சுருதி நிற்காமல் போனால் அதற்கு முன்பே. வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விட்டுப்போகாதீர்கள், பசை இளகிவிடும்.

கடைசியாக எஃப்

மேலே சொன்ன எல்லாம் ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகுதான் இது. முதலில் சின்ன எஃப்: × × 3 2 1 1. ஆள்காட்டி விரல் 1, 2 கம்பிகள் இரண்டையும் சேர்த்து அமுக்கும்.

பெரிய எஃப் 1 3 3 2 1 1. அதை 1ஆம் ஃப்ரெட்டில் தொடங்கவே கூடாது. நட்டின் பக்கத்தில் கம்பி மிகவும் விறைப்பாக இருக்கும், ஃப்ரெட்டுகளும் அங்கேதான் அகலம். அதே உருவத்தை 5ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள்: 5 7 7 6 5 5. அது ஏ கார்டு. ஆள்காட்டி விரலை முழுக்கத் தட்டையாக வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி எலும்பு படும்படி வையுங்கள். ஆறு கம்பிகளையும் அந்த ஒரு விரல் அமுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் கையை இறுக்குகிறார்கள். 5, 4, 3 கம்பிகளை மற்ற மூன்று விரல்களும் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலின் பொறுப்பு 6, 2, 1 கம்பிகள் மட்டும். கட்டைவிரலால் கிள்ளுவதற்குப் பதில் முழங்கையை லேசாகப் பின்னால் இழுத்தால் கையின் எடையே பாதி வேலையைச் செய்யும்.

5இல் தெளிவாக ஒலித்த பிறகு 4, அப்புறம் 3 என்று இறங்குங்கள். 3இல் அது ஜி, ஒரு பாட்டில் போட்டு வாசிக்கலாம். 1ஆம் ஃப்ரெட்டில் மட்டும் வரவே மாட்டேன் என்றால் நட் உயரத்தை மறுபடி சோதியுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் இந்தப் பயிற்சி வேண்டாம். விரல் நுனி எரிந்தால் தொடரலாம். மணிக்கட்டோ கட்டைவிரலின் அடிப்பகுதியோ வலித்தால் அன்றைக்குக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.